மேனேஜரின் எட்டு மணிச் சாப்பாடு

ஐம்பதைத் தாண்டிய கூட்டாளிகளே, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சர்க்கரை அளவு, பிரஷர் மாத்திரை நேரம், டாக்டர் தொடாதே என்று சொன்ன பலகாரங்களின் பட்டியல். என் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பது என்னுடையதல்ல, நாயுடையது. காலை எட்டு மணி, நூற்று நாற்பது கிராம். மாலை ஏழு மணி, நூற்று நாற்பது கிராம். இடையில் யாரும் எதுவும் போடக் கூடாது. ‘யாரும்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. வீட்டில் இருப்பதே நானும் மனைவியும் மகளும்தான். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசு வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நான் நாய்ச் சாப்பாட்டை நிறுத்துக்கொண்டிருக்கும்போது மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பார்ப்பாள்.

“அப்பா, அது நாய். நீ ராக்கெட் விடல.”

எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். நாய் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கிறுக்கு பிடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதன் வேர் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மார்கழியில் இருக்கிறது. சிரிக்கலாம் என்று வந்து உட்கார்ந்தவர்கள் முதல் பாதியில் சிரித்துவிடுங்கள். பிற்பாடு இடம் கிடைக்காது. எங்கள் வீட்டில் ஒரு நாய் செத்தது. அதற்காக ஒருத்தரைத் தெருவை விட்டே விரட்டினோம். ஆள் மாறிப்போனது. அதுதான் விஷயம்.

அப்போது நாங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கீழ்ப்போர்ஷனில் இருந்தோம். எனக்குப் பதினோரு வயது. அப்பா ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நாள் முழுக்க மேனேஜரிடம் பாட்டு வாங்கிவிட்டு வருவார். அதனால் ஒரு நாட்டு நாய்க்குட்டி வாசலில் வந்து ஒட்டிக்கொண்டபோது அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை, “மேனேஜர், உட்காரு” என்பது. மேனேஜர் உட்காரும். அப்பாவின் முகத்தில் அப்போது வருகிற சாந்தியைக் கோயிலில்கூட நான் கண்டதில்லை.

மேனேஜரின் சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. அம்மாவுக்கு ஞாபகம் வந்தால் மீந்த தயிர் சாதம். அப்பா காபி டம்ளரின் அடியில் பிஸ்கட்டை நனைத்துப் போடுவார். வீட்டுக்கு யாராவது வந்தால் இரண்டு தடவை சாப்பாடு, வராவிட்டால் சில நாள் ஒன்றுமேயில்லை. ஏகாதசியன்று அம்மா பட்டினி, அடுப்பு மூட்ட மாட்டாள். அன்று மேனேஜருக்கும் அரை வாழைப்பழம்தான். “எங்காத்து நாய்கூட ஏகாதசி இருக்கு தெரியுமோ” என்று அம்மா கோயிலில் சொல்லிப் பெருமைப்பட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். விரதத்தின் பலனோ என்னவோ, மேனேஜரின் முதுகில் நாலைந்து இடத்தில் ரோமம் வட்டம் வட்டமாக உதிர்ந்து தோல் தெரிந்தது.

எங்கள் தெருவில் மீன் வாங்குகிற வீடுகள் ஐந்து. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன்காரம்மா ஒருவர் தினம் காலை எட்டு மணிக்கு வருவார். தலையில் அன்னக்கூடை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. தெரு முனையில் புறப்படுகிற குரல் எங்கள் வீட்டருகே வந்ததும் தணிந்து, இரண்டு வீடு தாண்டியதும் மறுபடி எழும்பும். அம்மா பூஜையில் இருப்பாள் என்று அவராகவே எடுத்துக்கொண்ட கணக்கு அது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒருநாள் கேட்டில் நான் தொங்கிக்கொண்டிருந்தபோது நின்று மேனேஜரைப் பார்த்தார்.

“இன்னா நைனா, நாய் வளக்கிறீங்களா, தென்ன மட்டை வளக்கிறீங்களா? இப்டிக் காஞ்சி கெடக்குது.”

“தயிர் சாதம் போடறோம்.”

“எத்தினி மணிக்கி?”

“மீந்தா போடுவோம்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனுக்கும் மீந்தாத்தான் போடுவாங்களா?”

மறுநாள் கூடைக்குள்ளிருந்து ஒரு சின்ன அலுமினியத் தூக்கு வெளியே வந்தது. மூடி நசுங்கி, ஒரு பக்கம் காது உடைந்த தூக்கு. பக்கத்து வீட்டு வாதாம் மரத்திலிருந்து விழுந்திருந்த அகல இலை ஒன்றை எடுத்துத் துடைத்து, கேட்டுக்கு வெளியே தரையில் போட்டார். வேகவைத்த கிழங்கான் மீன். ஒவ்வொரு துண்டையும் இலையில் வைப்பதற்கு முன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நசுக்கிப் பார்த்தார்.

“உப்பு போடல, மஞ்சா போடல. முள்ளு ஊட்லயே எடுத்துட்டேன். இருந்தாலும் ஒரு தபா தடவிப் பாத்துக்கணும். கண்ணு ஏமாத்திடும்.”

மேனேஜர் சாப்பிட்டது. அதற்கு முன் அது எதையும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மண்டையிலிருந்து வால் நுனிவரை நடுங்கிக்கொண்டே சாப்பிட்டது.

“காலைல எட்டு மணிக்கி நானு. சாங்காலம் ஏயு மணிக்கி நீ சோறு போடு. நடுவுல எவன் இன்னா குடுத்தாலும் அது வாய வெக்கக் கூடாது. நீயும் போடக் கூடாது. இன்னா?”

“சரி.”

“உங்கம்மா கைல சொல்லாத. பாவம், குளிக்கப் போயிடும்.”

இதுதான் ஏற்பாடு. இலையில் போடுவதால் எங்கள் வீட்டுத் தட்டு தப்பித்தது. கேட்டுக்கு வெளியே போடுவதால் எங்கள் வீட்டு ஆசாரம் தப்பித்தது. ஏகாதசியன்றுகூட மேனேஜர் எட்டு மணிக்குக் கேட்டருகே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது மேனேஜரைப் பார்த்து முள்ளைத் திருப்புகிற அளவுக்கு வந்துவிட்டது, அது ஏன் அங்கே உட்காருகிறது என்று மட்டும் கேட்டதில்லை. மூன்று மாதத்தில் வட்டங்கள் மறைந்தன. ரோமம் பளபளவென்று எண்ணெய் தடவினாற்போல் ஆயிற்று. அப்பா எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“சுத்த சைவம் ஓய். தயிர் சாதத்தோட மகிமையைப் பாரும்.”

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் வாயை நக்கிக்கொண்டது.

மார்கழி வந்தது. அம்மா விடிவதற்குள் குளித்து, முப்பது நாளும் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு எனக்கு ஒரு கிண்ணம் வைப்பாள். நெய் வாசனையும் பச்சைக்கற்பூர வாசனையும் ஈரப் புடவை வாசனையும் கலந்து அந்தச் சமையலறையில் இருக்கும். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், திராட்சையைத் தவிர. வெந்து உப்பின திராட்சை எனக்குக் குடித்து ஊதிப்போன மூட்டைப்பூச்சி மாதிரி தெரியும். பொறுக்கி ஓரத்தில் வைத்தால் அம்மா பார்த்துவிடுவாள்.

“பெருமாள் பிரசாதத்தைப் பொறுக்கிப் போடறவனுக்கு அடுத்த ஜென்மத்துல நாக்கே இருக்காதுடா.”

நாக்கு இல்லாத ஜென்மம் எப்படியிருக்கும் என்று யோசித்து இரண்டு ராத்திரி பயந்தேன். பிறகு வழி கண்டுபிடித்தேன். வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கி, கொல்லைப்பக்கம் போய் உள்ளங்கையில் துப்பி, மேனேஜருக்கு நீட்டிவிடுவேன். தினம் நாலைந்து. நடுவில் எதுவும் போடக் கூடாது என்று மீன்காரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் இது போடுவதில்லையே, ஒளிப்பதுதானே என்று நினைத்துக்கொண்டேன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் நான்.

மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. நெய்யில் மிதக்க மிதக்க அக்காரவடிசில் செய்தாக வேண்டிய நாள். முதல்நாள் டெல்லியிலிருந்து வந்த மாமா ஒரு பெரிய பொட்டலம் திராட்சை கொண்டுவந்திருந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, கரண்டியால் அள்ளிப் போட்டாள். என் கிண்ணத்தில் அரிசியைத் தேட வேண்டியிருந்தது. மீதிப் பொட்டலத்தைப் பாட்டிலில் கொட்டி வைக்கும் வேலையும் எனக்கே வந்தது.

அன்று காலை மேனேஜர் எட்டு மணி மீனை வழக்கம்போல் சாப்பிட்டிருந்தது. எட்டரைக்கு நான் கொல்லையில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கிண்ணத்துத் திராட்சை முழுக்கக் கைக்குள், டிரவுசர் பையில் பொட்டலத்திலிருந்து எடுத்த இரண்டு பிடி. மேனேஜருக்குக் கை கொடுக்கச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. முன்காலை நான் தூக்குவேன், ஒரு திராட்சை. மறுபடி தூக்குவேன், இன்னொன்று. பாதிப் பை காலியாவதற்குள் அதுவாகவே காலைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டது. அந்தப் பாதத்தின் சூடும், அடியில் ஒட்டியிருந்த மணலின் நறநறப்பும் இப்போதும் என் கையில் இருக்கின்றன. சந்தோஷத்தில் மீதியையும் கொட்டினேன். நாலைந்து பையின் மூலையில் மாட்டிக்கொண்டது தெரியாது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மேனேஜர் வாந்தி எடுத்திருந்தது. திராட்சைகள் முழுசு முழுசாக, இன்னும் உப்பி. நடுவில் மீனின் வெள்ளித்தோல் ஒரு துணுக்கு.

எனக்கு முதலில் தோன்றியது மேனேஜர் இல்லை. அம்மா பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். அடுத்த ஜென்மத்து நாக்கு. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து விசிறி அடித்தேன். திராட்சைகள் எல்லாம் சமர்த்தாக உருண்டு சாக்கடைக்குள் போயின. மீன் தோல் மட்டும் கல்லோடு ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க எனக்கு அருவருப்பு.

அப்பா வந்து பார்த்தது அந்தத் தோலை.

“என்னடா இது? மீனா?”

நான் தலையாட்டினேன்.

“அந்த மீன்காரி போடறாளா? நீ பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

அன்று நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் இதில் வேடிக்கை.

மறுநாள் எட்டு மணிக்கு, மேனேஜர் உட்காருகிற இடத்தில் அப்பா நின்றார். மேனேஜர் உள்ளே மாடிப்படிக்கு அடியில் கோணிமேல் கிடந்தது. தண்ணீராகக் குடித்தது, வேறெதையும் தொடவில்லை. மீன்காரம்மா தூக்கை எடுப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். அழுகின மீனைக் கொண்டுவந்து வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைத்ததாக. தெருவில் மீன் வாங்குகிற ஐந்து வீடும் வாசலுக்கு வந்துவிட்டன.

மீன்காரம்மா பதிலுக்குக் கத்தவில்லை. கூடையை இறக்கிவைத்தார்.

“வாந்தி எடுத்துச்சா சாமி? ஒண்ணுக்குப் போச்சா?”

“என்ன?”

“நாயி நேத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போச்சான்னு கேக்கறேன். நான் ஒரு தபா பாக்கட்டுமா?”

“உள்ள கால வெக்காதே. நாயைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.”

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேனேஜர் ஒண்ணுக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டது அவர் ஒருத்தர்தான்.

அப்பாவுக்குத் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் வந்து, மேனேஜரின் கண்ணை விரித்துப் பார்த்து, முள் குடலில் குத்தியிருக்கும் என்றார். முள் என்ற சொல் தெருவில் சுற்றியது. அடுத்த நாள் முள் விஷமாயிற்று. போகிக்குள் ‘அந்தம்மா மீன்ல ஏதோ மருந்து அடிச்சுக் கொண்டுவருது’ என்றாகிவிட்டது.

நான் என் பங்குக்குப் பெருமாளிடம் பேரம் பேசினேன். பிரசாதத்தை நாய்க்குப் போட்டதற்குத்தான் இந்தத் தண்டனை, இனிமேல் ஒரு திராட்சைகூட விடாமல் தின்கிறேன், மேனேஜரை எழுப்பி விடு. போகியன்று சாயங்காலம் படிக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். மேனேஜரின் மூச்சில் ஒரு நாற்றம். துருப்பிடித்த தகரமும் மூத்திரமும் கலந்தாற்போல. என்னைப் பார்த்ததும் அது முன்காலை மெல்லத் தூக்கி என் பக்கம் நீட்டியது.

கை கொடுத்தால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். பையின் மூலையில் மாட்டியிருந்த நாலைந்தை எடுத்து மூக்கருகே வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வேண்டுதலாயிற்றே என்று அதை நான் தின்றேன்.

பொங்கலன்று காலை, அம்மா பானை பொங்குவதற்காகக் காத்திருந்த நேரத்தில், மேனேஜர் போய்விட்டது. அப்பா கோணியோடு தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து குளித்துவிட்டு, செருப்பைக் கழற்றுகிற இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பொங்கல் இலையில் எனக்கு விழுந்த திராட்சை எல்லாவற்றையும் தின்றேன். அம்மாவுக்கு ஆச்சரியம். அன்றிலிருந்து இன்றுவரை நான் திராட்சையை ஒதுக்கியதில்லை.

கனுப் பொங்கல் கழிந்த மறுநாள் எட்டு மணிக்கு மீன்காரம்மா வந்தார். தெரு முழுக்கக் கூவிப் பார்த்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. நாயே செத்திருக்கிறது, மனுஷனுக்கு என்ன ஆகுமோ. எங்கள் கேட்டெதிரே வந்து நின்று, குரல் எழுப்பாமல், நாய் எப்படி என்று கண்ணால் கேட்டார். இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

கூடையிலிருந்து தூக்கை எடுத்தார். அதை அன்றும் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்து மூக்கருகே வைத்து நீண்ட நேரம் மோந்து பார்த்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகு மூடி, எங்கள் மதில்மேல் வைத்துவிட்டு நடந்தார். அடுத்த நாள் வந்தார், அதற்கு அடுத்த நாளும். அப்புறம் அந்தக் குரல் எங்கள் தெருவில் இல்லை. தூக்கை எடுத்துப் போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை, தொட முடியாதே. வெயிலில் காய்ந்து, ஆடிக் காற்றில் ஒருநாள் விழுந்து காணாமல்போனது.

இனி இரண்டு மாதத்துக்கு முன்னால்.

மனைவி கேசரி கிண்டியிருந்தாள். நான் கிண்ணத்தைக் கை தவறவிட்டேன். மகள் வளர்க்கிற நாய் நான் குனிவதற்குள் பாதியை முடித்துவிட்டது.

“அப்பா, அதுல திராட்சை இருக்கு. நாய்க்கு ஆகாது.”

“அடப் போம்மா,” என்று நான் சிரித்தேன். “எங்க மேனேஜர் ஒரு மார்கழி பூரா திராட்சையா தின்னுட்டு...”

அங்கே நின்றேன். வாக்கியம் முடியவில்லை.

பிறகு நடந்தது கேலிக்கூத்து. பதினெட்டுக் கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் மனைவியின் செருப்பு. லிஃப்ட் இருப்பதை மறந்து மூன்று மாடி இறங்கினேன், மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “இன்னா சார், தலைப் பிரசவமா?” என்றார். அடையாறு போய்ச் சேரும்வரை நாய் சந்தோஷமாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. அழுதது நான்தான்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தார். நாலே திராட்சை, பயமில்லை என்றார்.

“ரெண்டு பிடி தின்னா என்ன ஆகும் டாக்டர்?”

“கிட்னி போயிடும் சார். முதல்ல வாந்தி. அப்புறம் யூரின் நின்னுடும். மூணு நாலு நாள்தான்.” பேனாவை எடுத்தார். “ரெண்டு பிடியா? எப்போ சாப்பிட்டது?”

“நாப்பது வருஷம் ஆச்சு.”

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். நாளுக்கு இரண்டு வேளை, ஒரே நேரத்தில். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த மீன் நல்லது. முள்ளைக் கவனமாக நீக்கவும். இடையில் எதுவும் தர வேண்டாம். மீன்காரம்மா கேட்டடியில் குந்திக்கொண்டு சொன்னதை யாரோ டைப் அடித்த மாதிரி இருந்தது.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. சொல்லி வருத்தப்படுத்த ஆள் இல்லை. ஒருத்தரைத் தவிர. மூன்று ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்துக் கடலோர மீன்கடைகளில் அலைந்தேன். சைவ மூஞ்சி, மூக்கைப் பிடிக்கவும் கூச்சம். கறுப்புக் கயிறு, சிலுவை, அந்தக் காலத்தில் ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் விற்றவர் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் குடைக்கு அடியில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணில் புரை. விரல் மட்டும் அதே விரல்.

“இன்னா சார் ஓணும்?”

தெருவைச் சொன்னேன். நாயைச் சொன்னேன். உரிப்பது நின்றது.

“கேட்டாண்ட வந்து குந்திக்கும். எட்டு மணிக்கி. அதானே?”

“அதேதான். நான் அந்த வீட்டுப் பையன்.”

“நைனாவா? மண்டை வெளுத்துப்போச்சே.” பிறகு குரல் இறங்கியது, எங்கள் வீட்டைத் தாண்டும்போது இறங்குமே, அதே மாதிரி. “நானே கொன்னுட்டேன் அத்த. ஒரு முள்ளு தப்பிடிச்சி. அன்னிலேர்ந்து எந்த நாய்க்கும் ஒரு துண்டு போட்டதில்ல. பயம்.”

“இல்லம்மா. உங்க மீனால இல்ல. நான் போட்ட திராட்சையால செத்தது. கிட்னி. டாக்டர் சொன்னாங்க. வாந்தில திராட்சை கெடந்தது, நான்தான் தண்ணி ஊத்தி மறைச்சேன்.”

முகத்தை நிமிர்த்தி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பல்லில்லாத வாய் சிரித்தது.

“திராட்ச தின்னு எவனாவது சாவானா நைனா?”

“நாய்க்கு ஆகாதாம். இதோ, எழுதியே குடுத்திருக்காங்க.” டாக்டர் தாளை நீட்டினேன்.

“நான் இன்னாத்த படிக்க?” தாளை என் பக்கமே தள்ளினார். “கெயவி மனசு நோவக் கூடாதுன்னு தேடியாந்து சொல்றியே, நீ நல்லாருக்கணும். அது முள்ளுதான். எனுக்குத் தெரியும்.”

ஆயுசு முழுக்க நான் சொன்ன கட்டுக்கதை எல்லாவற்றையும் நம்பியிருக்கிறார்கள். மறுபடி சொன்னேன். சத்தியம் பண்ணினேன். சரி சரி என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“இப்ப நாய் வெச்சிக்கீறியா?”

“இருக்கு.”

“எத்தினி மணிக்கிப் போடற?”

“எட்டு மணிக்கு.”

தலையாட்டினார். பக்கத்துத் தட்டிலிருந்து கிழங்கான் நாலைத் தடவி எடுத்தார். வயிற்றைக் கீறி, நடுமுள்ளை உருவி, சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார். பையில் போட்டார். நான் கை நீட்டினேன். கொடுக்கவந்தவர், பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர், “ஆயா, சீக்கிரம்” என்றார்.

“இரு,” என்றார் அவர், விரலை எடுக்காமல். “இன்னொரு தபா பாத்துக்கறேன்.”